குதிகால் கட்டாத ஸ்கீ: தோட்டத்துப் பக்கம் இருக்குறவங்க டெலிமார்க் பழகுறது எப்படி

சுங்கை சிப்புட்ல பனி பெய்யாது. கெந்திங் ஸ்னோ வோர்ல்டுக்குப் போனா ஜாக்கெட் மாட்டி போட்டோ எடுக்கலாம், ஸ்கீ பழக அது இடம் இல்ல. ஆனா கே.எல்.லேர்ந்து சப்போரோவுக்கு நேர் பிளைட் இருக்கு, ஜப்பான் போக மலேசிய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம், நம்ம பக்கத்துப் பசங்க போனஸ் காச சேத்து வச்சு ஹொக்கைடோ போறதெல்லாம் இப்ப அதிசயமே இல்ல. போறவங்கள்ல சில பேரு டெலிமார்க் பத்திக் கேக்குறாங்க, அதுவும் பெரிய பிளாஸ்டிக் சப்பாத்து, கனமான சாமான் எல்லாம் இல்லாம, லேசான ஸ்கீயும் தோல் சப்பாத்துமா எறங்குறது எப்படின்னு. அவங்களுக்குத்தான் இது.

சாதாரண ஸ்கீல, அதாவது ஆல்பைன்ல, சப்பாத்தோட முன்பக்கமும் குதிகாலும் ரெண்டுமே ஸ்கீயோட இறுகிப் பூட்டிக்கும். டெலிமார்க்ல விரல் பக்கம் மட்டும்தான் புடிக்கும், குதிகால் சும்மா தூக்கும். இதனால என்ன ஆகும்னா, ஓடிட்டு இருக்குற ஸ்கீ திடீர்னு ஆழமான பனியில மாட்டி வேகம் கொறஞ்சா ஆல்பைன்காரர சப்பாத்து புடிச்சுக்கும், நம்மள எதுவும் புடிக்காது, நேரா மூஞ்சி குத்தி விழுவோம். அதுக்குத்தான் ஒரு கால முன்ன விட்டு ஒரு கால பின்ன இழுத்து முட்டிய மடக்கி நிக்கிறது, நிக்கிற எடம் முன்னும் பின்னும் நீளமாயிடுது, அப்ப கவுக்குறது கஷ்டம். டெலிமார்க் நிலைங்குறது அழகுக்காக வந்தது இல்ல, விழாம இருக்க வந்தது. இத மனசுல வச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும்.

கதை நார்வேலேர்ந்து வருது. டெலிமார்க் வட்டாரத்துல மோர்கெடால்னு ஒரு ஊரு, அங்க 1825ல பொறந்த சோண்ட்ரே நோர்ஹைம்ங்குறவரு, குத்தகைக்கு இருந்த ஏழைக் குடியானவரு, குதிகாலச் சுத்தி முறுக்கின மரநார் கட்டி ஸ்கீ காலோட வர்ற மாதிரி பண்ணினாரு, 1868ல இப்போதைய ஒஸ்லோவுல நடந்த போட்டியில போய் ஜெயிச்சாரு, அப்ப அவருக்கு நாப்பது வயசுக்கு மேல. 1884ல பொழப்பு தேடி அமெரிக்கா போனவரு அங்கயே 1897ல செத்துட்டாரு. சஞ்சிக்கூலியா கப்பல் ஏறி வந்த குடும்பத்துல பொறந்த நமக்கு அந்தக் கதை ஒண்ணும் அந்நியம் இல்ல. பின்னால குதிகாலையும் பூட்டுற பைண்டிங், அதாவது சப்பாத்த ஸ்கீயோட புடிச்சு வைக்கிற பூட்டு, வந்ததும் இந்த முறை ஓரமாப் போச்சு, 1970கள்ல அமெரிக்காவுல கொலராடோ பக்கம் க்ரெஸ்டட் ப்யூட்ங்குற மலை ஊர்லதான் மறுபடி சூடு பிடிச்சது. அந்த ஆளுங்க அப்ப போட்டது லேசான கிராஸ்கன்ட்ரி ஸ்கீயும் தோல் சப்பாத்தும்தான். அதனால கொறஞ்ச சாமான்ல எறங்க முடியுமான்னு கேட்டா, முடியும், அப்படித்தான் ஆரம்பிச்சதே.

இப்ப சாமான். நாலு விஷயம் பாக்கணும், அதுல சப்பாத்துதான் ரொம்ப முக்கியம், அத பத்தி கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

லேசான வகையில ரொம்ப நாளா ஓடுறது மூணு பின் பைண்டிங். சப்பாத்து முன்னாடி வாத்து மூக்கு கணக்கா நீட்டிக்கிட்டு இருக்கும், அடியில மூணு ஓட்டை, பைண்டிங்ல மூணு சின்ன பின், ஓட்டைய பின் மேல உக்கார வச்சு மேல இருக்குற கம்பிய அழுத்தினா கிளிக்னு புடிச்சுக்கும். அந்த மூக்கோட அகலம் 75 மிமீ, நோர்டிக் நோர்ம்னு சொல்லுவாங்க, பழைய சாமான் வாங்குறப்ப இந்த 75 தான் கேக்கணும். 1927ல நார்வேயில வந்த ரோட்டஃபெல்லா பைண்டிங்தான் இந்த வகைக்கு மூத்தது. இன்னொரு வகை என்என்என் பிசி, அதுல சப்பாத்து மூக்குல ஒரு இரும்புக் கம்பி இருக்கும், அது நடக்குறதுக்கு சுகம். 2007ல வந்த என்டிஎன் வேற மாதிரி, அது கனமான பிளாஸ்டிக் சப்பாத்துக்கு, நாம பேசுறது அது இல்ல. இதுல எந்தெந்த சப்பாத்து எதுல பூட்டும்னு தெரியாம வாங்கிட்டு வந்தீங்கன்னா ரெண்டும் சும்மா கெடக்கும், 75க்கு 75தான்.

பழைய தோல் சப்பாத்து வாங்குறப்ப முதல்ல திருப்பிப் போட்டு அந்த மூணு ஓட்டையப் பாருங்க. ஓட்டைக்கு உள்ள இரும்புத் தகடு இருக்கும், அது தேஞ்சு ஓட்டை நீளமாயிருந்தா பின் புடிக்காது, மலை நடுவுல கழண்டுக்கும், எவ்வளவு சும்மா குடுத்தாலும் வேணாம்னுடுங்க. அடுத்து சப்பாத்த ரெண்டு கையால புடிச்சு முறுக்கிப் பாருங்க, முன்னபின்ன மடங்கணும், பக்கவாட்டுல ரொம்ப முறுக்கக் கூடாது. விரல் மடங்குற எடத்துல மடங்காத சப்பாத்துல குதிகால தூக்கவே முடியாது, பக்கவாட்டுல தொளதொளன்னு முறுக்குற சப்பாத்துல ஸ்கீய விளிம்புல நிறுத்த முடியாது. அப்புறம் அடியில கட்டைவிரல வச்சு நல்லா அழுத்தணும். நம்ம ஊர் ஈரப்பதத்துல ரொம்ப நாள் கெடந்த பாலியூரித்தேன் அடி, பாக்குறதுக்கு நல்லா இருக்கும், போட்டு நாலு எட்டு நடந்தா பொடிப்பொடியா உதிரும். அழுத்தினா விரல் பதிஞ்சா, இல்ல ஓரத்துல வெடிப்பு தெரிஞ்சா எடுக்காதீங்க.

ஸ்கீ ரெண்டுக்கும் இரும்பு விளிம்பு கண்டிப்பா இருக்கணும், அது இல்லாம கெட்டிப் பனியில எறங்குறது வெறும் வேண்டுதல்தான். அடுத்து கேம்பர், அதாவது ஸ்கீயோட நடுவுல மேல் நோக்கி இருக்குற வளைவு. ஸ்கீ ரெண்டையும் அடியும் அடியும் பாக்க வச்சு நடுவுல ஒரு கையால அழுத்துங்க, சுலபமா ஒட்டிக்கிட்டா எறக்கத்துக்கு நல்லது, எவ்வளவு அமுக்கினாலும் நடுவுல இடைவெளி நிக்குதுன்னா அது சமதரையில ஓடுறதுக்கு செஞ்சது, அது திரும்பாது, திரும்பினாலும் உங்க உயிர எடுத்துட்டுத்தான் திரும்பும். அடியில மீன் செதில் போட்டது இருக்கு, ஏறுறதுக்கு உதவும், எறங்குறப்ப கொஞ்சம் வேகத்த கொறைக்கும், புதுசா வர்றவங்களுக்கு அது நல்லதுதான். நீளம் உங்க உயரத்த ஒட்டி இருந்தா போதும், நீட்டமா வேணாம்.

நாலாவது வார். மூணு பின் பைண்டிங்ல பிரேக் கெடையாது, கழண்ட ஸ்கீ தனியா கீழ ஓடுச்சுன்னா யாராவது பிள்ளை மேல குத்திடும், அதனால காலுக்கும் பைண்டிங்குக்கும் நடுவுல ஒரு வார் கட்டிக்கணும். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க, இந்த பைண்டிங் விழுறப்ப தானா விடாது, அப்ப முட்டி முறுக்கும், அதனால வேகத்த கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்.

ஜாக்கெட், கையுறை எல்லாம் புதுசா வாங்கி காச கரைக்காதீங்க, பண்டல் கடையில தேடினா கெடைக்கும், ஆனா காலுறை மட்டும் கம்பளியில நல்லதா ஒரு ஜோடி வாங்குங்க, பருத்தி காலுறை நனைஞ்சா காயாது. ஹெல்மெட் அங்கயே வாடகைக்கு எடுத்துக்கலாம். டெலிமார்க் ஸ்கீ வாடகை எல்லா கடையிலயும் இருக்காது, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே கடைக்கு மெயில் போட்டு 75 மிமீ சப்பாத்து உங்க சைஸ்ல இருக்கான்னு கேட்டு வாங்கிக்கங்க.

சாமான் போதும், இனிமே உடம்பு. தோல் சப்பாத்து உங்க கால பக்கவாட்டுல அவ்வளவா தாங்காது, அந்த வேலைய உங்க முட்டியும் இடுப்பும் பின்கால் பாதமும் செய்யணும். முக்கியமா பின்கால். புதுசா பழகுறவங்க எல்லாரும் முன்கால்ல சாஞ்சு நின்னுட்டு பின்கால சும்மா இழுத்துட்டு வருவாங்க, சும்மா வர்ற பின் ஸ்கீ தன் இஷ்டத்துக்குப் போகும், குறுக்க வரும், அப்புறம் ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். பின்காலுக்கு பாரம் குடுக்கிற பழக்கம் உடம்புல ஏறிட்டா பாதி டெலிமார்க் வந்துடுச்சு, அந்தப் பழக்கத்துக்கு பனி வேணாம், நம்ம ஊரே போதும்.

வீட்டுப் பின்னாடி துணி காயப்போடுற கொடி இருக்கும்ல, அத உங்க தலைக்கு ரெண்டு விரல் கீழ வர்ற மாதிரி கட்டுங்க. அதுக்கு அடியில முட்டிய மடக்கி நில்லுங்க, ஒரு கால் முன்ன, ஒரு கால் பின்ன, முன்கால் பாதம் முழுசா தரையில, பின்காலுக்கு பாதத்தோட முன்பகுதி மட்டும் தரையில, குதிகால் மேல. முன் முட்டி கணுக்காலுக்கு நேரா, பின் தொடை இடுப்புக்கு நேர் கீழ. இப்ப முன்கால தரையிலேர்ந்து ஒரு வினாடி தூக்குங்க. கவுந்தீங்கன்னா பின்கால்ல பாரம் இல்லன்னு அர்த்தம், நின்னீங்கன்னா இருக்கு. இது கை பழகினதும் கால மாத்துங்க, மாத்துறப்ப கொடி தலையில படக்கூடாது, அதாவது எந்திரிச்சு எந்திரிச்சு ஒக்காரக்கூடாது, தலை ஒரே மட்டத்துல போகணும். மாத்துறப்ப பின்கால முன்னுக்கு எட்டித் தள்ளாதீங்க, முன்கால பின்னுக்கு இழுங்க, ரெண்டும் ஒண்ணுதானேன்னு தோணும், ஆனா தள்ளுனா உடம்பு பின்னால விழும், இழுத்தா நடுவுல நிக்கும். தெனமும் சாயங்காலம் வெயில் எறங்கினதும் தொடை எரியுற வரைக்கும் பண்ணுங்க. சிலம்பம் ஆடுற பிள்ளைங்களுக்கு இது சீக்கிரம் வந்துடும், முட்டி மடங்கி காலு மாத்துறது அவங்களுக்குப் பழக்கம்.

பத்து மலை போறவங்க 272 படியையும் எறங்குறப்ப கைப்பிடிய புடிச்சுக்கிட்டு மெதுவா, பின்கால் குதிகால தூக்கி தூக்கி, ஒவ்வொரு படியா எறங்கிப் பாருங்க, தைப்பூசக் கூட்டத்துல வேணாம், சாதாரண நாள்ல. தோட்டத்துல செம்பனை நட்ட படிவரிசை மேடு இருந்தா அத குறுக்கால எறங்கி நடங்க, நாலு எட்டுக்கு ஒரு தடவ திசை மாத்தி, மாத்துறப்ப வெளிப்பக்கம் போற கால் முன்ன வரணும். அதாவது இடது பக்கம் திரும்பினா வலது கால் முன்ன, வலது பக்கம் திரும்பினா இடது கால் முன்ன. மண்டையால யோசிக்காம கால் தானா வர்ற வரைக்கும். கருங்கல்லுல கால் வச்சு வழுக்கினா பனிய பாக்காமலே ஆஸ்பத்திரிய பாக்க வேண்டியிருக்கும், பாத்து நடங்க, மழை பெஞ்ச அன்னிக்கு போகாதீங்க, பாம்பு வேற.

ரோலர் ஸ்கீ, அதாவது சக்கரம் வச்ச ஸ்கீ, வாங்கலாமான்னு கேக்குறாங்க. காசு இருந்தா வாங்கலாம், குதிகால் தூக்குறது பழகும், ஆனா அதுக்கு விளிம்பும் கெடையாது, பெரும்பாலானதுல பிரேக்கும் கெடையாது. சமதரை தார் ரோட்டுல மட்டும், குலை லாரி ஓடாத நேரத்துல. தோட்டத்து மேட்டுலேர்ந்து அதுல எறங்கிப் பாக்கலாம்னு நெனக்கிறவங்க இத்தோட இத மூடிட்டு போயிடுங்க.

இனி பனி மேல. முதல் நாள் வாடகைக்கு சாதாரண ஆல்பைன் ஸ்கீ எடுத்து பாடம் கேளுங்கன்னுதான் நான் சொல்லுவேன், சுத்த டெலிமார்க்காரங்க இத ஒத்துக்க மாட்டாங்க. ஆனா நம்மளுக்கு இருக்குறது கொஞ்ச நாள் லீவு, வேகம்னா என்ன, விளிம்புன்னா என்ன, நிறுத்துறது எப்படின்னு உறுதியான சப்பாத்துல ஒரு நாள்ல புரிஞ்சுடும், அதையே தோல் சப்பாத்துல கத்துக்க ரெண்டு மூணு நாள் போயிடும்.

லேசான சாமானுக்கு மாறினதும் மேட்டுக்கு போகாதீங்க, சமதரையில கால கால இழுத்து நடங்க. கையில புடிக்கிற ஸ்கீ கம்ப தூக்கிப் போட்டுட்டு நடந்தா இன்னும் நல்லது. அப்புறம் ரொம்ப லேசான சரிவுல, அடியில தானா நிக்கிற எடமா பாத்து, நேரா விடுங்க. ஓடுறப்பவே கொடிக்கு அடியில பண்ணினது அப்படியே, இடது முன்ன, மாத்து, வலது முன்ன, மாத்து. திரும்பணும்னு நெனக்கவே வேணாம். ஸ்கீ ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்கட்டும், கண்ணு தூரத்துல, கை ரெண்டும் முன்னாடி கண்ணுக்குத் தெரியுற மாதிரி. ஸ்கீ முனையப் பாத்தீங்கன்னா முனையில விழுவீங்க.

அடுத்தது ஆப்பு போடுறது, ஸ்கீ வால் ரெண்டையும் விரிச்சு முனை ரெண்டையும் சேத்து வேகத்த கொறைக்கிறது. குதிகால் சும்மா இருந்தாலும் இது வேலை செய்யும், குதிகால அழுத்தி வச்சா போதும். அதோட பக்கவாட்டுல வழுக்குறது, குறுக்கால போறது, நின்ன எடத்துல திரும்புறது, எல்லாத்தையும் பழகணும். எந்த மலையிலயும் டெலிமார்க் போட்டுத்தான் எறங்கணும்னு யாரும் சட்டம் போடல, பயமா இருந்தா குறுக்கால போய், நின்னு, திரும்பி, மறுபடி குறுக்கால போய் எறங்குங்க. ரொம்ப வேகமாயிடுச்சா, மேல் பக்கமா சாஞ்சு உக்காந்து விழுங்க. எந்திரிக்கிறப்ப ஸ்கீய சரிவுக்கு குறுக்க போட்டு, முட்டி போட்டு எந்திரிக்கலாம், குதிகால் சும்மா இருக்குறதுல இது ஒரு வசதி.

முதல் திருப்பம் மேல் நோக்கி. சரிவுக்கு குறுக்கால மெதுவா போங்க, கீழ் பக்கத்து கால் முன்ன, மேல் பக்கத்து கால் பின்ன, முட்டி ரெண்டையும் மலைப் பக்கம் சாய்ங்க. ஸ்கீ தானா மேல வளைஞ்சு நின்னுடும். இதுல ரெண்டு கால்லயும் அழுத்தம் எங்க இருக்குன்னு கவனிக்கணும், முன்கால்ல கட்டைவிரல் பக்கம், பின்கால்ல சுண்டுவிரல் பக்கம். அந்தப் பின்கால் சுண்டுவிரல்தான் எல்லாரும் மறக்குறது. சப்பாத்துக்குள்ள சுண்டுவிரல் பனிய அழுத்துறத நீங்க உணரணும், உணரலன்னா பின்கால் தூங்குதுன்னு அர்த்தம். இதையே ஒவ்வொரு தடவயும் கொஞ்சம் கூடுதல் சரிவா ஆரம்பிச்சு, கடைசியில நேர் கீழ ஓடிட்டு இருக்குறப்பவே வளைஞ்சு நிறுத்துற வரைக்கும் கொண்டு போங்க. ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் நல்லா வரும், ஒரு பக்கம் வரவே வராது, வராத பக்கத்துக்குத்தான் நேரம் குடுக்கணும்.

முழு திருப்பம் வர்றப்பதான் லேசான சாமானோட கொணம் தெரியும். ஸ்கீ ரெண்டையும் ஒரே நேரத்துல கட்டாயப்படுத்தி திருப்புற அளவுக்கு தோல் சப்பாத்துக்கு பலம் இல்ல, அதனால ஒரு குறுக்கு வழி. இடது பக்கம் திரும்பணும்னா, முதல்ல வலது ஸ்கீயோட வால கொஞ்சம் விரிச்சு அரை ஆப்பு போடுங்க, அதுல பாரம் ஏத்துங்க, ஸ்கீ கீழ நோக்கி திரும்ப ஆரம்பிக்கும், அப்ப இடது கால மெல்ல பின்னுக்கு இழுத்து குதிகால தூக்கி, அதுக்கும் பாதி பாரம் குடுத்துடுங்க. ரெண்டு ஸ்கீயும் முன்னும் பின்னுமா சேந்து ஒரே நீள வில்லா வளையும். மேல் உடம்பு மலையோட கீழ்ப்பக்கம் பாக்கட்டும், உள் பக்கத்து கை பின்னால போயிடாம பாத்துக்கங்க, அது போனா தோள் போகும், தோள் போனா பின்கால் பாரம் போயிடும். இந்த அரை ஆப்ப ஒவ்வொரு நாளும் சின்னதாக்குங்க, ஒரு கட்டத்துல அது தேவையே இல்லாம போகும். மாத்துறது பட்டுன்னு இருக்கக்கூடாது, திருப்பம் முழுக்க கால் மெதுவா மாறிட்டே இருக்கணும், நின்னு போஸ் குடுத்துட்டு அடுத்த காலுக்கு குதிக்கிறவங்க அந்த குதிக்கிற நேரத்துலதான் விழுறாங்க.

முட்டிய தரையில தட்டுற அளவுக்கு எறங்குற படங்கள பாத்திருப்பீங்க. வேணாம். கால் ரொம்ப விரிஞ்சா பின்கால்ல பாரம் ஏறாது, கல்லுல முட்டி மோதும். கொஞ்சமா மடக்கி நிக்கிறதே போதும், முட்டிக்கு ஒரு கவசமும் போட்டுக்கங்க.

மலை மேல ஏத்திவிடுற நாற்காலி லிஃப்ட்லேர்ந்து எறங்குறப்ப ஸ்கீ முனைய தூக்கிப் பிடிச்சு, பாதத்த தட்டையா வச்சு நேரா எந்திரிங்க, முட்டிய மடக்கினா அங்கயே குதிகால் தூக்கி கவுந்துடும், பின்னால வர்றவங்க மேல விழுவாங்க.

பனியப் பத்தி ஒரு வார்த்தை. லேசான சாமானுக்கு மெத்துன்னு இருக்குற பனியும், மெஷின் போட்டு சீவின லேசான சரிவும்தான் நண்பன். கண்ணாடியா இறுகின பனியில தோல் சப்பாத்து ஒண்ணும் பண்ணாது. மேல ஓடு, கீழ மெத்துன்னு இருந்து கால் வச்சா ஒடையுற பனி இருக்கே, அதுல கெட்டிக்காரங்களே திணறுவாங்க, கண்டா குறுக்கால போய் வெளிய வந்துடுங்க. செதில் அடி வெயில்ல ஈரமாகி மறுபடி குளுந்தா பனி ஒட்டிக்கும், கொஞ்சம் மெழுகு தேச்சா விட்டுடும். ஹொக்கைடோவுல பனி ஆழம், மரத்தச் சுத்தி குழி இருக்கும், தலைகீழா உள்ள போனா தனியா வெளிய வர முடியாது. லேசான ஸ்கீ ஏறுறதுக்கு சுகமா இருக்கும், அதுவே ஆபத்து, அப்படியே கயிறு கட்டின எல்லைய தாண்டி போகத் தோணும். பனிச்சரிவு பயிற்சி, அதுக்கு வேண்டிய பீக்கன் (புதைஞ்சவர தேட சிக்னல் குடுக்குற கருவி), ஷவல், புரோப் (பனிக்குள்ள குத்தித் தேடுற நீளக் கம்பி), கூட ஆளு, இதுல ஒண்ணு இல்லன்னாலும் எல்லைய தாண்டாதீங்க.

திரும்பி வந்ததும் பெட்டிய அப்படியே கட்டில் அடியில தள்ளிடாதீங்க, நம்ம ஊர்ல ரெண்டு வாரத்துல விளிம்பு துரு புடிக்கும், தோல்ல பூஞ்சணம் பூக்கும். ஸ்கீய துடைச்சு காய வச்சு விளிம்புல லேசா எண்ணெய் தடவுங்க, அடியில மெழுகு பூசி சுரண்டாம விட்டுடுங்க. சப்பாத்துக்குள்ள தமிழ் நேசன் காலத்து பழைய பேப்பர் இருந்தாலும் சரி, சுருட்டி அடைச்சு ஈரம் போனதும் மாத்துங்க, அப்புறம் தோல் மெழுகு தேச்சு, காத்தோட்டமான எடத்துல, சிலிக்கா ஜெல் பை ஒண்ணு போட்டு வைங்க, வெயில்ல வேணாம், அடி பசை விட்டுடும். மாசத்துக்கு ஒரு தடவ எடுத்துப் பாருங்க. அடுத்த தடவ போறதுக்கு முன்னாடி பைண்டிங் திருகு எல்லாத்தையும் கையால சுத்திப் பாத்து, மூணு பின்னும் நேரா நிக்குதான்னும், வார் கிழிஞ்சிருக்கான்னும் பாத்துட்டு பெட்டிய மூடுங்க.